மண்டபத்துச் சத்தம்: மீட்டரை விடுங்கள், மணியைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு ஐம்பது அடி தூரத்தில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நாள் வந்தால் முந்தின இரவு ரிசப்ஷன் கச்சேரி பதினொன்றரை வரை ஓடுகிறது. மேடை ஹாலுக்குள் இல்லை, கார் நிறுத்தும் இடத்தில் ஷாமியானா போட்டு வைக்கிறார்கள். பேஸ் அடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. ஸ்டேஷனுக்குப் போன் செய்தால், "ஒருநாள் விசேஷம்தானே சார்" என்கிறார்கள். மண்டபக்காரரோ, "ஹாலுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கு, முடிஞ்சா மீட்டர் வெச்சு நிரூபிங்க" என்கிறார். என் செல்போன் ஆப் 72 டெசிபல் காட்டுகிறது. இது செல்லுமா? யாருக்கு மனு கொடுப்பது?

பதில்: மண்டபக்காரர் சொல்வதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் உங்கள் வேலை சுலபம்.

இந்தியா முழுவதற்கும் பொருந்துவது, 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000. இதில் இரண்டு கட்டுப்பாடுகள் தனித்தனியாக உள்ளன. ஒன்று ஒலியின் அளவு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. மற்றொன்று நேரம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபையர், இசைக்கருவி எதையும் வெளியில் இயக்கக் கூடாது. எந்தப் பகுதியாக இருந்தாலும் இதுதான். மேளமும் பேண்டு வாத்தியமும் இதில் அடக்கம். பலர் மைக் செட்டுக்கு மட்டும்தான் தடை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

யார், எப்போது புகார் தரலாம் என்பதைச் சொல்வது 7ஆம் விதி. அளவை மீறியதாகப் புகார் சொன்னால், வரம்பைவிட 10 டெசிபலாவது கூடியிருக்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகல் நேரமானால் 65 அல்லது அதற்கு மேல். ஆனால் இரவு நேரத் தடையை மீறினால் எந்த எண்ணும் வேண்டாம். பத்து மணிக்கு மேல் வெளியில் ஸ்பீக்கர் ஓடியது என்பதே குற்றச்சாட்டு. அங்கே கடிகாரம்தான் மீட்டர். "நிரூபியுங்கள்" என்று அவர் உங்களை டெசிபல் தகராறுக்குள் இழுக்கிறார். போகாதீர்கள்.

இனி அவர் சொல்லும் விலக்கு. விதியில் விலக்கு இருப்பது உண்மைதான்: மூடிய அரங்கத்துக்குள், உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்பதற்காக மட்டும் இரவிலும் ஒலிபெருக்கி பயன்படுத்தலாம். ஆடிட்டோரியம், சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் என்று உதாரணமும் தந்திருக்கிறது. கவனிக்க வேண்டிய சொல் "மூடிய". ஷாமியானா மூடிய அரங்கமாகாது. மொட்டைமாடியும் ஆகாது. நாலு பக்கமும் கதவைத் திறந்துவைத்த ஹாலையும் அப்படிச் சொல்வது கடினம். இன்னொன்று, ஹாலுக்குள் வைத்தாலும் பொது இடத்தின் எல்லையில் ஒலி, அந்தப் பகுதி வரம்பைவிட 10 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. எப்படியிருந்தாலும் 75ஐத் தாண்டக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. குடியிருப்புப் பகுதி மண்டபத்தின் மதில்சுவரில் பகலில் 65, இரவில் 55. தனியார் வீட்டில் நடக்கும் விசேஷமானால், அந்த வீட்டு எல்லையில் இந்த 10 என்பது 5 ஆகக் குறையும்.

"திருவிழாவுக்குப் பன்னிரண்டு மணி வரை அனுமதி உண்டே" என்றும் வாதம் வரும். உண்டு. ஆனால் அதை மாநில அரசுதான் தர முடியும், கலாசார அல்லது மத விழாக்களுக்கு மட்டும், ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் போகாமல். மண்டபத்தில் நடக்கும் ரிசப்ஷன் அந்தக் கணக்கில் வராது.

சரி, 72 காட்டிய ஆப். அதிகாரிக்கு அது ஆதாரமாகாது. அளவுதிருத்தம் செய்யாத போனில் ஐந்து, பத்து டெசிபல் முன்பின் இருப்பது சாதாரணம். பலத்த சத்தத்தில் மைக்கே திணறிவிடும். நோட்டில் குறித்துவைக்க ஆகும், மனுவின் முதல் வரியில் வைக்க ஆகாது. இதில் ஒரு சூட்சுமமும் இருக்கிறது. விதிகளில் சொல்லும் டெசிபல், 'ஏ' எடையிட்ட அளவு. மனிதக் காதுக்கு மந்தமாகக் கேட்கும் தாழ்ந்த ஒலியை அது வெகுவாகக் கழித்துவிடும்: 100 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல், 63 ஹெர்ட்ஸில் சுமார் 26. உங்கள் கண்ணாடியை அதிர வைப்பது அந்த 60, 70 ஹெர்ட்ஸ் பேஸ்தான். பகல் நேரத்தில் மீட்டரோடு வரும் அதிகாரி 62 என்று எழுதிவிட்டுப் போவார், உங்களுக்கோ நெஞ்சு அதிரும். இரண்டுமே உண்மை. பகல் புகாரில் பேஸை நம்பி டெசிபல் பந்தயம் கட்டாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

மீட்டர் இல்லாமலே ஒரு மனக்கணக்கு போடலாம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 100 டெசிபல் தரும் ஒரே ஒரு பாக்ஸ் இருக்கிறது என்று வையுங்கள். 2 மீட்டரில் 94, 4இல் 88, 8இல் 82, 16இல் 76. பதினாறு மீட்டர் என்றால் கிட்டத்தட்ட உங்கள் ஐம்பது அடி. இரவு வரம்பான 45ஐத் தொட அந்த ஸ்பீக்கர் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். "சத்தத்தைக் குறைச்சு வெச்சுக்கறோம்" என்ற சமாதானம் இரவில் ஏன் எடுபடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். குறைக்க வேண்டியதில்லை, நிறுத்த வேண்டும்.

ஆதாரம் சேர்ப்பது இப்படி. ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், மேடை இருந்த இடம், ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது. உங்கள் மாடியிலிருந்து ஒரே ஷாட்டில் இரண்டு நிமிட வீடியோ எடுங்கள். முதலில் சுவர்க் கடிகாரம், அப்படியே நகர்த்தி மண்டபத்தின் பெயர்ப்பலகை, பிறகு மேடை. வெட்டி ஒட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலை மட்டும் வைத்துக்கொண்டு அசலை அழித்துவிடாதீர்கள். பின்னால் கோர்ட்டுக்குப் போனால் 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். அதற்கு அசல் கோப்பு வேண்டும். ஒவ்வொரு இரவும் 100க்கோ 112க்கோ கூப்பிட்டு, புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ரோந்து வண்டி வந்ததும் பாட்டு நின்று, போனதும் மறுபடி தொடங்குவது வழக்கம். அந்த இரண்டு நேரங்களையும் எழுதுங்கள், அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. நாலைந்து இரவுகள் சேர்ந்தால் போதும்.

அடுத்தது மனு. பெரும்பாலான மனுக்கள் தோற்பதற்குக் காரணம், கல்யாண வீட்டாரின்மேல் புகார் எழுதுவதுதான். அவர்கள் மறுநாள் போய்விடுவார்கள், மனுவும் அவர்களோடு போய்விடும். எதிர்மனுதாரர் மண்டப உரிமையாளராக இருக்கட்டும். "தாங்க முடியாத இரைச்சல், தூக்கமில்லை, வயதானவர்கள் இருக்கிறார்கள்" என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட இப்படி நாலு வரி நல்லது:

"மேற்படி மண்டபத்தின் வாகன நிறுத்துமிடத்தில், திறந்தவெளியில், கீழ்க்கண்ட தேதிகளில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி இயக்கப்பட்டது. இது ஒலி மாசு விதிகள் 2000, விதி 5(2)ஐ மீறுவதாகும். விதி 7இன்படி இப்புகாரை அளிக்கிறோம். விதி 8இன்படி மண்டப உரிமையாளருக்கு எழுத்துமூலம் தடையாணை பிறப்பிக்கக் கேட்டுக்கொள்கிறோம். இணைப்பு: தேதி, நேரப் பட்டியல், 100/112 அழைப்புகளின் புகார் எண்கள், வீடியோ பதிவு."

ஐந்து வீட்டுக்காரர்கள் கையெழுத்து இருந்தால், "இவருக்கும் மண்டபக்காரருக்கும் முன்விரோதம்" என்று ஒதுக்க முடியாது. குடியிருப்போர் நலச் சங்கம் இருந்தால் அதன் லெட்டர்பேடு இன்னும் நல்லது.

யாருக்கு? விதிகள் 'அதிகாரி' என்று சொல்வது மாவட்ட ஆட்சியரை, போலீஸ் கமிஷனரை, அல்லது நியமிக்கப்பட்ட டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அலுவலரை. ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள், ஆனால் மனுவை முகவரியிடுவது டிஎஸ்பிக்கு. மாநகரமானால் கமிஷனருக்கு. நகல் ஆட்சியருக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்தால் எண் கிடைக்கும். மற்றவர்களுக்குப் பதிவுத்தபால்.

மனுவோடு கூடவே ஒரு தகவல் உரிமை விண்ணப்பமும் போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, முப்பது நாள். கேட்க வேண்டியது இரண்டே இரண்டு. காவல்துறையிடம்: குறிப்பிட்ட தேதிகளில் இந்த மண்டபத்தில் ஒலிபெருக்கிக்கு விதி 5(1)இன்படி எழுத்துமூல அனுமதி தரப்பட்டதா, நகல் வேண்டும். உள்ளாட்சி அலுவலகத்திடம்: மண்டபத்தின் அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகல் வேண்டும். முதல் கேள்விக்குப் பெரும்பாலும் "பதிவேடுகளில் இல்லை" என்று பதில் வரும். அந்த ஒற்றை வரி நூறு வீடியோவுக்குச் சமம்: பகலிலும்கூட அனுமதியில்லாமல் ஒலிபெருக்கி வைத்திருக்கிறார் என்று அரசே எழுதித் தந்தது போல. வரைபடத்தில் 'வாகன நிறுத்துமிடம்' என்று இருக்கும் இடத்தில் மேடை போட்டால், அது சத்தத்தைத் தாண்டி உரிமப் பிரச்சினையாகிவிடும். மண்டபக்காரர் உண்மையில் பயப்படுவது இதற்குத்தான்.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால், வருவாய்க் கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் மனு போடலாம் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133). பொதுத் தொல்லையை நிறுத்து, இல்லையென்றால் வந்து காரணம் சொல் என்று அவர் நிபந்தனை ஆணை தரலாம். சென்னையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் இருக்கிறது. அங்கே காலக்கெடு பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், ஆகவே ஓராண்டு மனு அனுப்பிக்கொண்டே உட்கார்ந்திருக்காதீர்கள். தண்டனை விஷயத்தில் பழைய கட்டுரைகளை நம்ப வேண்டாம். "ஐந்தாண்டு ஜெயில்" என்பது 2024 ஏப்ரல் வரைதான். இப்போது சுற்றுச்சூழல் சட்டத்தின் 15ஆம் பிரிவில் 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம்தான்.

பெரிய தீர்ப்பு ஒன்றை மேற்கோள் காட்ட விரும்பினால், 2005 ஜூலை 18இல் உச்ச நீதிமன்றம் தந்த ஒலி மாசுத் தீர்ப்பு. கோயில், சர்ச், மசூதி ஸ்பீக்கர் பற்றிய தகராறானால் 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அது சென்னையில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் தொடுத்த வழக்கிலிருந்து வந்தது. ஒலிபெருக்கி வைத்து மற்றவர் அமைதியைக் கெடுத்துத் தொழச் சொல்லும் மதம் எதுவுமில்லை என்றது நீதிமன்றம்.

மனுவுக்கு எண் கிடைத்த பிறகு மண்டபக்காரரோடு ஒருமுறை பேசிப் பாருங்கள். முன்னால் அல்ல, பின்னால். அவரிடம் கேட்க வேண்டியவை செலவில்லாதவை: புக்கிங் ரசீதிலேயே "இரவு 9.45க்கு இசை நிறுத்தப்படும்" என்று அச்சிடுவது, மேடைக்குத் தனி எம்.சி.பி. (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்து அந்த நேரத்தில் மேனேஜரே அணைப்பது, மீறினால் பிடித்துக்கொள்ள ஒரு முன்பணம் வாங்குவது. நம்பிக்கையான மண்டபங்கள் ஏற்கெனவே செய்கிற காரியம்தான். ஜெனரேட்டர் உங்கள் சுவரோரம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்: உறையிட்ட டீசல் ஜெனரேட்டர் ஒரு மீட்டரில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. உறைக்கதவைத் திறந்துவைத்து ஓட்டுவதுதான் வழக்கமான கோளாறு.

மனுவில் எழுதக் கூடாதவையும் இரண்டு உண்டு. பக்கத்தில் பள்ளியோ ஆஸ்பத்திரியோ இருப்பதால் இது அமைதி மண்டலம் என்று நீங்களாக எழுதிவிடாதீர்கள். 2017 திருத்தத்துக்குப் பிறகு மாநில அரசு அறிவித்த இடம் மட்டுமே அமைதி மண்டலம், அறிவிப்பு இல்லாவிட்டால் மனுவின் மற்ற வரிகளுக்கும் மதிப்புப் போய்விடும். மற்றது, விடிகாலை நாகஸ்வரம். நாலரை, ஆறு முகூர்த்தத்துக்குக் கெட்டிமேளம் ஆறு மணிக்குள் முழங்கிவிடும். எழுத்துப்படி பார்த்தால் அதுவும் இரவு நேரம்தான். ஹாலுக்குள் மூடிய கதவுக்குப் பின்னால் என்றால் விட்டுவிடுங்கள். அதையும் பட்டியலில் சேர்த்தால் ஸ்டேஷனில் தாலி கட்டும் நேரத்தைப் பற்றி மட்டுமே பேசுவார்கள், பதினொன்றரை மணிக் கச்சேரியை யாரும் கேட்க மாட்டார்கள்.