பாதி உயரத்தில் மட்டும் ஏன் வலிக்கிறது?

வாசகர் கேள்விகளுக்கு ஓர் இயன்முறை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு 52 வயது. வலது கையைப் பக்கவாட்டில் தூக்கினால், தோள் உயரத்துக்கு வரும்போது சுருக்கென்று வலிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டால் தலைக்கு மேலே வலியே இல்லை. உயரே போகப் போக அல்லவா வலி கூட வேண்டும்? எலும்பு தேய்ந்துவிட்டதா? – ஒரு வாசகி

பதில்: நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள் அம்மா. சுமார் 60 டிகிரியில் தொடங்கி 120 டிகிரி வாக்கில் விட்டுவிடுகிற வலி என்றால், எனக்கு எலும்பின் மேல் சந்தேகம் வராது. சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற சின்னத் தசையின் நாண் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு) மேல்தான் வரும்.

தோளின் உச்சியைத் தடவிப் பாருங்கள். தட்டையாக ஓர் எலும்பு தட்டுப்படும். அது தோள்பட்டை எலும்பின் நீட்சி, பெயர் அக்ரோமியன். அதற்கும், கீழே இருக்கும் மேற்கை எலும்பின் உருண்டைத் தலைக்கும் நடுவில் ஒரு குறுகிய சந்து. அந்த நாண் போவது அதற்குள்தான். உரசாமல் இருக்க மேலே பர்சா என்ற மெல்லிய பை. கையைத் தூக்கும் பெரிய தசையான டெல்டாய்டு இழுக்கும்போது, எலும்புத் தலையும் சேர்ந்து மேலே ஏறப் பார்க்கும். ஏறவிடாமல் அதை, அது பொருந்தியிருக்கும் குழியோடு அழுத்திப் பிடிப்பவை ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகள். சுப்ராஸ்பைனேட்டஸ் அதில் ஒன்று. பிடி தளர்ந்தாலோ நாண் வீங்கினாலோ சந்துக்குள் நெருக்கடிதான். நோகும் இடம் அக்ரோமியனைக் கடந்ததும் வலி விட்டுவிடுகிறது.

வலியில்லாத இடது கையில் ஒன்று செய்து பாருங்கள். கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி திருப்பிக்கொண்டு கையைப் பக்கவாட்டில் தூக்குங்கள். தோள் உயரத்தை ஒட்டி எங்கேயோ முட்டி நிற்கும். இப்போது கட்டைவிரலை மேல்நோக்கித் திருப்புங்கள். கை தாராளமாக ஏறும். மேற்கை எலும்பின் வெளிப்புறப் புடைப்பு பின்பக்கம் விலகி வழிவிடுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம், முதுகுப் பக்கத்தை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு அதில் தீராத வருத்தம். தோள் வலி என்று வருகிறவரை நான் முதலில் திரும்பித்தான் நிற்கச் சொல்வேன். தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் என் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கையைத் தூக்கச் சொன்னால், அந்த முனை விலாவைச் சுற்றி அக்குள் பக்கமாக நகர வேண்டும். கை முழுதாக 180 டிகிரி உயர்வதில் ஏறக்குறைய 120 டிகிரிதான் பந்துக் கிண்ண மூட்டின் பங்கு. மீதி 60 தோள்பட்டை எலும்பு சுழல்வதால் வருவது. இந்த 2:1 கணக்கை இன்மன், சாண்டர்ஸ், ஆபட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1944-இல் எழுதினார்கள். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும் என்றாலும் இன்றைக்கும் பாடத்தில் அதுதான். அந்தச் சுழற்சி சரியாக நடந்தால்தான் அக்ரோமியன் நகர்ந்து இடம் கொடுக்கும். அதனால் உங்கள் பயிற்சியில் முதுகுத் தசைகளுக்கும் இடம் இருக்கட்டும்.

கையைக் கழுத்தில் தொங்கும் தூளியில் கட்டிப்போட்டு வைக்காதீர்கள். வலி வராத அளவுக்கு ஆட்டிக்கொண்டே இருங்கள். இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, முன்கையைப் பிடித்து வெளிப்பக்கம் திருப்பும்படி வேறொருவரிடம் சொல்லுங்கள். அவர் திருப்பியும் திரும்பவில்லை என்றால் அது வேறு கதை. மூட்டுறை இறுகிப்போகும் ஃப்ரோசன் ஷோல்டராக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும். எதுவானாலும் நேரில் காட்டிவிடுங்கள்.

கேள்வி: கை உடம்போடு எந்த எலும்பில் இணைந்திருக்கிறது? முதுகெலும்பிலா? – ஒரு மாணவர்

பதில்: இல்லை தம்பி. எலும்போடு எலும்பாக இணைவது ஒரே ஓர் இடத்தில்தான். தொண்டைக் குழியிலிருந்து விரலைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்து. ஒரு குமிழ் தட்டுப்படும். காறை எலும்பு நெஞ்செலும்போடு சேரும் மூட்டு அது. விரலை எடுக்காமல் தோளைக் குலுக்கு, அசைவது தெரியும். தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் தசைகளின் பிடியில்தான் நிற்கிறது. அதை விலாவோடு அணைத்துப் பிடிக்கும் செரேட்டஸ் ஆன்டீரியர் தசையின் நரம்பு அடிபட்டால், சுவரைத் தள்ளும்போது அந்த எலும்பு சிறகு மாதிரி பின்னால் துருத்தும்.

கேள்வி: 18 வயது மகனுக்கு விளையாடும்போது தோள் இருமுறை நழுவிவிட்டது. ஒருமுறை நழுவினால் மறுபடி மறுபடி நழுவுமா? – ஒரு தந்தை

பதில்: இந்த வயதில் அந்த அபாயம் அதிகம் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். தோளின் குழி மிக ஆழமில்லாதது. எலும்புத் தலையில் எந்த நேரத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழியைத் தொடுவதில்லை. எல்லாப் பக்கமும் கையை வீச முடிவது இதனால்தான், நழுவுவதும் இதனால்தான். குழியின் விளிம்பில் லேப்ரம் என்ற நார்க் குருத்தெலும்பு வளையம் ஓடுகிறது. தோள் பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் நழுவும். அப்போது வளையத்தின் முன்பகுதி கிழிந்து, பழைய இடத்தில் ஒட்டாமல் போய்விடும். தடுப்பு போன வழியிலேயே அடுத்த முறையும் நழுவும். இருமுறை ஆகிவிட்டதால் எலும்பு மருத்துவரிடம் எம்ஆர்ஐ தேவையா, அறுவை சிகிச்சை வேண்டுமா என்று இப்போதே கேளுங்கள். வெறும் பயிற்சியை நம்பி மைதானத்துக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்லுங்கள்: மறுபடி நழுவினால் நண்பர்கள் யாரும் இழுத்து உள்ளே தள்ளக்கூடாது. எலும்பு முறிந்திருக்கலாம். டெல்டாய்டுக்குப் போகும் நரம்பு அந்த மூட்டுக்கு அடியிலேயே சுற்றிப் போகிறது, அதுவும் காயப்பட்டிருக்கலாம். தோளுக்குச் சற்றுக் கீழே, மேற்கையின் வெளிப்புறத்தில் தொட்டால் மரத்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.