மூன்று நாள் கணிப்பு மாதிரி நாற்பது வருடம் ஓடுமா?

கேள்வி: நீர்த்தேக்கங்களைப் பராமரிக்கும் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் டபிள்யூஆர்எஃப் (WRF) என்ற கணினி வானிலை மாதிரியை நிறுவி, தினமும் மூன்று நாளுக்கான மழைக் கணிப்பு எடுக்கிறோம். இதையே 2060 வரை ஓட்டி, நீர்வரத்து எப்படி மாறும் என்று அறிக்கை கேட்கிறார் மேலதிகாரி. பத்து நாள் கணிப்பே பல நேரம் பொய்க்கிறது, நாற்பது வருடம் எப்படி என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இதற்கிடையில் ஓர் ஆலோசனை நிறுவனம், 2100 வரை நிலத்தை ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தினசரி மழையை இரண்டே மாதத்தில் தருவதாகச் சொல்கிறது. எதை நம்புவது?

பதில்: உங்கள் மேலதிகாரி கேட்பது நீங்கள் பயப்படும் அளவுக்கு அபத்தமில்லை. அந்த நிறுவனம் சொல்வதுதான் அபத்தம். அதைப் பிறகு சொல்கிறேன்.

வானிலைக் கணிப்புக்காக எழுதிய மாதிரியைப் பருவநிலைக்குத் திருப்பிவிடுவது பழைய வழக்கம். 1980களின் கடைசியில் அமெரிக்காவின் என்சிஏஆர் என்ற வளிமண்டல ஆய்வு மையத்தில் டிக்கின்சன், ஜியோர்ஜி முதலானோர் எம்எம்4 என்ற வானிலை மாதிரியை எடுத்து அந்நாட்டின் மேற்குப் பகுதிக்கு ஓட்டிப் பார்த்தார்கள். இன்று பல நாடுகளில் ஓடும் ரெக்சிஎம் அதன் வாரிசு. ஜெர்மனி வானிலைத் துறையின் மாதிரியிலிருந்து காஸ்மோ-சிஎல்எம் வந்தது. ஐரோப்பிய நாடுகள் சில கூடி உருவாக்கிய ஹிர்லாமிலிருந்து டென்மார்க்கின் ஹிர்ஹாமும் சுவீடனின் ஆர்சிஏவும் வந்தன. இந்தக் குடும்பத்தில் பெரும்பாலோருக்குப் பிறந்த வீடு வானிலைத் துறைதான். ஆனால் யாரும் எம்எம்4-ஐ அப்படியே ஓட்டிவிடவில்லை. வெயிலும் வெப்பமும் வந்துபோகும் கதிர்வீச்சுக் கணக்கையும் நிலப்பரப்புக் கணக்கையும் கழற்றிவிட்டு வேறு பொருத்திய பிறகே ஓட்டினார்கள். ‘முடிவுத் தேதியை மட்டும் மாற்றினால் போதாதா’ என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் பயம். மதகைத் திறந்தால் எந்தத் துளி எந்தச் சுழலில் சிக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது. வாய்க்காலில் எவ்வளவு நீர் ஓடும் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவீர்கள். மூன்று நாள் கணிப்பு துளியைத் துரத்துகிறது. தொடக்கத்தில் உள்ள சின்னப் பிழையும் வளர்ந்து, இரண்டு வாரத்துக்குள் துளி கைநழுவிவிடும். 1963-ல் அமெரிக்க வானிலை அறிஞர் லோரன்ஸ் காட்டிய கதை இது. பருவநிலை ஓட்டம் வாய்க்காலைப் பார்க்கிறது: கடல் எவ்வளவு சூடு, காற்றில் கரியமில வாயு எவ்வளவு, நிலம் எப்படிப்பட்டது. இவை சரியாக இருந்தால், 2051 முதல் 2060 வரையிலான பத்து வருட மழையின் போக்கைப் பற்றிப் பேசலாம். 2060-ல் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மழை வருமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் தினசரி ஓட்டம் ஒவ்வொரு நாளும் புது அவதானிப்புகளிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. மாதிரி நேற்று செய்த தப்பு இன்று காலையில் துடைக்கப்பட்டுவிடும். நாற்பது வருட ஓட்டத்தில் துடைக்க ஆளில்லை. மண் கொஞ்சம் அதிகமாகக் காய்ந்தால் நீராவி குறையும், நீராவி குறைந்தால் வெயில் ஏறும், வெயில் ஏறினால் மண் இன்னும் காயும். மூன்று நாளில் கண்ணில் படாத கசிவு, மூன்று வருடத்தில் பாலைவனமாகிவிடும். அடிமண் ஈரம் தன் நிலைக்கு வரவே வருடக்கணக்கில் ஆகும். அதனால் இரண்டு மூன்று வருடம் முன்கூட்டியே ஓட்டத்தைத் தொடங்கி, அந்த வருடங்களின் விளைவைத் தூக்கிப் போடுங்கள்.

கரியமில வாயுவைப் பாருங்கள். ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. வானிலைக்காரருக்கு இந்த எண் மூன்று நாளில் மாறப்போவதில்லை. அதனால் சில கதிர்வீச்சுக் கணக்குகளில் அது நிலையான எண்ணாகவே எழுதப்பட்டிருக்கும். எந்தப் பதிப்பில் எந்தக் கோப்பிலிருந்து எடுக்கிறது என்று உங்கள் கணினி ஆளிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அதைவிட வேடிக்கை மழைக் கணக்கு. இந்த மாதிரி தொடக்கத்திலிருந்து பெய்த மழையைக் கூட்டிக்கொண்டே போகும். ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் பெய்யும் இடத்தில் 30 வருடத்தில் கூட்டுத்தொகை 30,000 ஆகும். கணினி அந்த எண்ணை ஏழு இலக்கத் துல்லியத்தில்தான் வைத்திருக்கும். அத்தனை பெரிய எண்ணோடு ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கும் குறைவான தூறலைக் கூட்டினால் தொகை அசையாது. தூறல் காணாமல் போய்விடும். தொகை 100 மில்லிமீட்டரைத் தாண்டும்போதெல்லாம் அதைத் தனியே எடுத்து வைக்க ஒரு ‘வாளி’ அமைப்பு இருக்கிறது. அதை இயக்க வேண்டியது நீங்கள்தான்.

கடலுக்கு வருவோம். டபிள்யூஆர்எஃப்-ல் கடல் வெப்பநிலையைப் புதுப்பிக்கும் அமைப்பு, நிறுவும்போது அணைந்த நிலையில்தான் வரும். அதை மறந்தால் தொடங்கிய நாளின் கடல்தான் நாற்பது வருடமும். ஜனவரியில் தொடங்கினீர்கள் என்றால் எல்லா மாதமும் ஜனவரிக் கடல். சிரிக்காதீர்கள், இப்படி ஓட்டிய முடிவுகளை நானே மதிப்பீட்டுக்காகப் பார்த்திருக்கிறேன். எனவே விதி: கடல் வெப்பநிலையை உலகளாவிய மாதிரியிலிருந்து (உலகம் முழுவதற்கும் ஓடும் பருவநிலை மாதிரி, உங்கள் வட்டார மாதிரிக்கு எல்லையில் தரவு தருவதும் அதுதான்) எடுத்து ஆறு மணிக்கு ஒரு முறையோ தினமுமோ புதுப்பிக்க வேண்டும்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அது உங்கள் தலையில்தான் விழும், ஏனென்றால் நீங்கள் நீர்த்தேக்கக்காரர். உலகளாவிய மாதிரியின் கட்டங்கள் நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கும். உங்கள் நீர்த்தேக்கம் அதன் கண்ணுக்கே தெரியாது. உங்கள் மாதிரிக்குத் தெரியும்: ‘இங்கே தண்ணீர் இருக்கிறது, இதற்கு வெப்பநிலை வேண்டும்’ என்று கேட்கும். தரவில் அந்த இடத்தில் தண்ணீரே இல்லாததால், அருகில் எங்கே தண்ணீர் இருக்கிறதோ அங்கிருந்து எடுத்து ஒட்டிவிடும். அருகில் என்றால் பல நூறு கிலோமீட்டர் தள்ளி உள்ள கடலாகவும் இருக்கலாம். உயரத்தில், குளிர்ந்த மலைக்கு நடுவே உள்ள ஏரிக்குக் கடலோரச் சூடு வந்து சேர்ந்தால், அதன்மேல் ஓயாமல் நீராவி எழும்பி, பக்கத்து மலையில் இல்லாத மழை கொட்டும். நீர்வரத்து பிரமாதமாக இருக்கும், காகிதத்தில். சமாளிக்க இரண்டு வழி. உள்நாட்டு நீருக்கு மட்டும் அங்குள்ள காற்றின் சராசரி வெப்பநிலையைக் கொடுப்பது எளிய வழி. ஆழமான ஏரி மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும் என்பதை அது சரியாகப் பிடிக்காது. மாதிரிக்குள்ளேயே ஏரிக்கென இருக்கும் தனிக் கணக்கை இயக்குவது இரண்டாவது வழி. அதற்கு ஆழம் தெரிய வேண்டும். ஆழம் பதிவாகாத ஏரிகளுக்கு ஏதோ ஒரு எண்ணை அதுவே வைத்துக்கொள்ளும். உங்களிடம் உண்மையான ஆழம் இருக்கிறதே, அதைக் கொடுங்கள். அப்படியும் ஒரு குறை மீதி: கோடையில் உங்கள் நீர்த்தேக்கம் கால்வாசியாகச் சுருங்கும்போதும் மாதிரியில் அது நிரம்பியே கிடக்கும்.

உங்கள் மாதிரி ஓடும் பரப்பின் எல்லைகளைப் பற்றி இரண்டே வார்த்தை. ஓரத்தில் உள்ள சில கட்டங்களின் விளைவை நம்பக் கூடாது. நீர்ப்பிடிப்புப் பகுதி நடுவில் இருக்கட்டும், எல்லைக் கோடு மலைமுகட்டில் போக வேண்டாம். மற்றபடி, தலைமதகில் கலங்கலாக வந்த தண்ணீர் கடைமடையில் தெளிந்துவிடாது. உலகளாவிய மாதிரி உங்கள் வட்டாரத்தின் காற்றோட்டத்தைத் தப்பாகக் காட்டினால் உங்கள் மாதிரி அதை அழகாக, நுணுக்கமாகத் தப்பாகக் காட்டும். நாள்காட்டியையும் பாருங்கள்: சில உலகளாவிய மாதிரிகளில் லீப் வருடமே கிடையாது. பிரிட்டன் வானிலைத் துறையின் சிலவற்றில் எல்லா மாதத்துக்கும் 30 நாள், பிப்ரவரி 30 உட்பட.

இனி அந்த நிறுவனம். வழக்கமான 12 கிலோமீட்டர் ஓட்டத்தை ஒரு கிலோமீட்டராக்கினால் கட்டங்கள் 144 மடங்காகும். காலப்படியும், அதாவது மாதிரி ஒரு தடவையில் முன்னேறும் நேரமும், 12 மடங்கு சிறுக்க வேண்டும். ஆக வேலை 1,728 மடங்கு. இதை 2100 வரை இரண்டு மாதத்தில் முடிக்க எந்த ஆலோசனை நிறுவனத்திடமும் கணினி கிடையாது. அவர்கள் செய்வது இதுதான்: இலவசமாகக் கிடைக்கும் உலகளாவிய தரவை எடுத்து, இரண்டு புள்ளிக்கு நடுவே இடைக்கணித்து (இடையிலுள்ள எண்களை ஊகித்து நிரப்பி), வண்ணம் பூசி, உங்களிடம் விற்கிறார்கள். பெரிய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் புது விவரம் வந்துவிடுமா?

கையும் களவுமாகப் பிடிக்க மூன்று கேள்வி போதும். ஏதாவது ஒரு நாளுக்கான காற்றையும் ஈரப்பதத்தையும் பல உயரங்களில் தரச் சொல்லுங்கள். ஓட்டியவரிடம் இருக்கும், இழுத்தவரிடம் மழையும் வெப்பமும் மட்டும்தான் இருக்கும். மலையின் இரு பக்கத்து மழையையும் காட்டச் சொல்லுங்கள். காற்று மோதும் பக்கத்துக்கும் மறைவுப் பக்கத்துக்கும் வித்தியாசமே தெரியாமல் வழவழவென்று இறங்கினால் அது இடைக்கணிப்பு. கடைசியாக, எதிர்காலத்துக்கு ஓட்டிய அதே மாதிரியின் கடந்தகாலப் பகுதியிலிருந்து 1998-ஐக் கேளுங்கள். ‘உங்கள் மழைமானியோடு நாளுக்கு நாள் பொருந்துகிறது’ என்று பெருமையாகக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். உலகளாவிய மாதிரியின் 1998-க்கும் நாம் வாழ்ந்த 1998-க்கும் நாள்வாரிச் சம்பந்தம் கிடையாது. பொருந்துகிறது என்றால் உங்கள் அளவீட்டையே உங்களுக்குத் திருப்பி விற்கிறார்கள். (புள்ளியியல் முறையில் செய்து அந்தப் பெயரிலேயே விற்பவரோடு எனக்குச் சண்டையில்லை.)

இந்த வியாபாரம் நடப்பதற்கு எங்கள் பருவநிலைத் துறையும் காரணம். வட்டாரப் பருவநிலை மாதிரிகளை ஒருங்கிணைக்க 2009-ல் தொடங்கிய கார்டெக்ஸ் திட்டத்தின் கீழ் உலகம் 14 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, பல மாதிரிகளின் முடிவுகள் பொதுவில் இருக்கின்றன. பல வட்டாரங்களுக்கு 25 கிலோமீட்டர் அளவிலேயே கிடைக்கும். ஆனால் பொதுப்பணத்தில் உருவான இந்தத் தரவை ஒரு பொறியாளர் எடுப்பதற்குள் தலை நரைத்துவிடும். கணக்குத் தொடங்கு, புரியாத கோப்புப் பெயரில் தேடு, சர்வர் படுத்திருந்தால் நாளை வா, எடுத்த பிறகு பார்த்தால் கட்டங்கள் திருப்பி வைக்கப்பட்டு அட்சரேகையே சாய்ந்து கிடக்கும். மாதிரி ஓட்டப் பணம் தரும் அதே ஆட்கள், விளைவை மனிதர் படிக்கும் வடிவில் வைக்கப் பணம் கேட்டால் காதில் வாங்குவதில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் கடை போட்டிருக்கிறார்கள்.

ஆகவே முதலில் கார்டெக்ஸ் தரவை எடுங்கள், ஒன்றல்ல, நாலைந்து மாதிரி, இரண்டு உமிழ்வுப் பாதைகளுக்காவது (கரியமில வாயு உமிழ்வு இனி எப்படிப் போகும் என்ற அனுமானங்கள்). அறிக்கைக்கு அதுவே போதுமாக இருக்கலாம். சொந்தமாக ஓட்டியே தீர வேண்டும் என்றால், ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்வுத் தரவை (பழைய அவதானிப்புகளையும் ஒரு மாதிரியையும் சேர்த்து மறுபடி கணித்த வானிலை) எல்லையில் கொடுத்துக் கடந்த இருபது வருடத்தை ஓட்டுங்கள். அது நடந்த வானிலையைச் சார்ந்தது, எனவே உங்கள் மழைமானிகளோடும் நீர்வரத்துப் பதிவோடும் மாதவாரியாக ஒப்பிடலாம். அதில் தேறினால்தான் எதிர்காலம். தேர்வுக்கு ஒரு வருடம் கேளுங்கள், தரவைச் சேமிக்கும் வட்டுகளுக்குத் தனியே பணம் கேளுங்கள், அதை எல்லோரும் மறப்பார்கள்.

இருபது வருடத்தை ஓட்டுவதற்கு முன் ஒரே ஒரு வருடம் ஓட்டி, நீர்த்தேக்கம் விழும் கட்டத்தின் மேற்பரப்பு வெப்பநிலையை வரைந்து பாருங்கள். கோடு வருடம் முழுக்க அசையாமல் கிடந்தாலோ, உங்கள் ஆட்கள் படகில் போய் அளந்த எண்ணைவிடப் பத்து டிகிரி தள்ளி நின்றாலோ, கணினியை நிறுத்திவிட்டு ஏரிப் பத்தியை மறுபடி படியுங்கள்.