தாய்க்கு ஹெபடைடிஸ் பி இருந்தால் குழந்தைக்கும் வந்துவிடுமா?

மனைவிக்கு ஏழு மாதம், ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் (ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறது என்று அர்த்தம்), சிசேரியன் செய்தால் குழந்தை தப்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலூர்ப் பக்கம் பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை.

பெரும்பாலும் பிரசவ நேரத்தில்தான் தொற்றுகிறது. பெரியவர்களுக்கு வந்தால் நூற்றுக்கு 95 பேருக்கு அதுவாகவே போய்விடும், பிறக்கும்போதே வந்த குழந்தைகளில் 90 பேருக்கு ஆயுசுக்கும் ஈரலில் தங்கிவிடும், அதனால்தான் இத்தனை அவசரம். பிறந்த 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் ஊசி, அதாவது கிருமியை உடனே எதிர்க்கிற ரெடிமேட் எதிர்ப்புச் சக்தி. தடுப்பூசி எங்கும் இருக்கும். மற்றது விலை கூடியது, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியது, எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. வலி எடுத்த பிறகு தேடிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று பிரசவமானால் கோரிப்பாளையத்தைத் தாண்டிப் போய் யார் வாங்கி வருவது? 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு இந்த இம்யூனோகுளோபுலின் இலவசமாகவே வருகிறது. பிரசவம் பார்க்கப்போகிற இடத்தில் இருப்பு இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள், தாய் சேய் நல அட்டையின் முன்பக்கத்திலேயே பாசிட்டிவ் என்று பெரிதாக எழுதி வாங்குங்கள். ராத்திரி டூட்டிக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இந்த வாரமே மனைவிக்கு வைரல் லோடு டெஸ்ட், அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற டெஸ்ட் எடுத்துவிடுங்கள். 2 லட்சத்துக்கு மேல் இருந்தால் 28-ஆவது வாரம் முதல் கிருமியைக் குறைக்கிற டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள், ஏழு மாதம் என்றால் அதற்குச் சரியான நேரம்.

கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்காத மாமியாரை நான் பார்த்ததில்லை. 1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் லான்செட் என்ற மருத்துவ இதழில் அதைப்பற்றி நம்பிக்கையோடுதான் எழுதினார்கள், பின்னால் வந்த ஆய்வுகளில் அது நிலைக்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு அதை நம்ப வேண்டாம். தாய்ப்பாலையும் நிறுத்தச் சொல்வார்கள், கேட்காதீர்கள், தாராளமாகக் கொடுக்கலாம். காம்பு வெடித்து ரத்தம் வந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம் 6, 10, 14 வாரத்தில் போடுகிற பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் இருக்கிறது, ஒன்றையும் தவற விடாதீர்கள். குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை 9 மாதம் முடிந்த பிறகுதான், அதற்கு முன்னால் எடுத்தால் முடிவு குழப்பும்.

நீங்களும் டெஸ்ட் எடுங்கள். நெகட்டிவ் என்றால் உங்களுக்கும் மூன்று ஊசி உண்டு.