பகலில் ஒன்றுமில்லை, இரவில்தான் இழுப்பு: பிரிட்டோன் ஏன் கேட்கவில்லை?

தம்பியின் கேள்வி இது: அப்பாவுக்குத் தேயிலை பெக்டரியில் சலிக்கிற பகுதியில் வேலை. அங்கே நிற்கும்போது பெரிதாக ஒன்றும் இல்லை, வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் இழுக்கிறது. பனிதான் காரணமா? ஒவ்வாமைக்குக் கொடுக்கும் பிரிட்டோன் மருந்தைக் குடித்தும் ஏன் கேட்கவில்லை?

நான் ஹட்டனில் பார்மசியில் நிற்கிறவன், டாக்டர் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி எங்கள் கடைக்கு அடிக்கடி வரும்.

பனியும் ஒரு காரணமாக இருக்கலாம், அடுப்புப் புகையும்தான். ஆனால் நேரத்தைக் கவனியுங்கள். ஒவ்வாத தூசு உள்ளே போனதும் சுவாசக் குழாயில் இருக்கும் மாஸ்ட் கலங்கள் (ஒவ்வாமையைக் கிளப்பும் கலங்கள்) சில நிமிடங்களிலேயே ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டும். அது முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் சரக்கு. அதோடு அப்போதே புதிதாக லியூகோட்ரையீன், புரோஸ்டாகிளாண்டின் டி2 என்ற, குழாயை இறுக்கும் பொருட்களையும் செய்யும். இந்த முதல் இறுக்கம் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் தளர்ந்துவிடும். 4 முதல் 8 மணித்தியாலம் கழித்து இரண்டாவது சுற்று வரலாம். சிலருக்கு முதல் சுற்று தெரியாமல் இரண்டாவது மட்டுமே வரும். பகல் தூசுக்கு இரவில் மூச்சு முட்டுவது அப்படித்தான். தேயிலைத் தூசால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி நம் இலங்கை டாக்டர் ஊரகொட 1970இலேயே எழுதியிருக்கிறார்.

அந்த இரண்டாவது சுற்றில் ஹிஸ்டமினுக்கு அதிகம் வேலையில்லை. கலங்கள் அனுப்பும் செய்திப் புரதமான இன்டர்லூகின் 5, இயோசினோபில் என்ற வெள்ளை இரத்தக் கலங்களைக் கூப்பிட்டுப் பெருக்குகிறது. இன்டர்லூகின் 13 சளியைக் கூட்டுகிறது. வந்து சேர்ந்த இயோசினோபில்கள் குழாயின் உள்தோலைப் புண்ணாக்கி, தாங்களும் லியூகோட்ரையீன் சுரக்கின்றன. இந்த லியூகோட்ரையீன் லேசுப்பட்டதில்லை. மூச்சுக்குழாயைச் சுருக்குவதில் ஹிஸ்டமினைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலு. அது என்னவென்று தெரியாமலே 'மெதுவாக வேலை செய்யும் பொருள்' என்று பல வருடம் அழைத்தார்கள். சுவீடனின் விஞ்ஞானி சாமுவேல்சன் 1979இல் அதன் அமைப்பைச் சொன்னார். 1982 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு உண்டு.

பிரிட்டோன் அடைப்பது ஹிஸ்டமினின் ஒரு வாசலை மட்டும். தும்மலுக்கும் அரிப்புக்கும் சரி, இழுப்புக்குப் போதாது. தூக்கம் வருவதால் குறைந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

கடையில் தினமும் கேட்கிற பேச்சு ஒன்று: "அண்ணே, நீலப் பம்ப் மட்டும் குடுங்க, பிரவுன் வேணாம், அதுல ஒன்னும் தெரியல." தெரியாதுதான். நீலம் சல்பியூட்டமோல், இறுகிய தசையைச் சில நிமிடத்தில் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. பிரவுன் பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீரொய்டு. அந்த இன்டர்லூகின்களைச் செய்யும் மரபணுக்களை அடக்குவது அதுதான். அதன் பலன் தெரிய நாட்களாகும், சில வேளை வாரங்களாகும். இழுப்பு இல்லாத நாளிலும் டாக்டர் சொன்னபடி எடுக்க வேண்டும். எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். ஸ்டீரொய்டு லியூகோட்ரையீனை அவ்வளவாகக் குறைக்காது. அதனால்தான் சிலருக்கு லியூகோட்ரையீனைத் தடுக்கும் மொன்டெலுகாஸ்ட் வில்லையும் சேர்த்து எழுதுகிறார்கள்.

சரி, அப்பாவிடம் கேட்க வேண்டியது: லீவு நாட்களில், ஊருக்குப் போய் நின்ற நாட்களில் இழுப்பு குறைகிறதா? குறைந்தால் பெக்டரித் தூசில் சந்தேகம் வலுக்கிறது. கிளினிக்கில் வேலையைப் பற்றிச் சொல்லாமல் வந்துவிட வேண்டாம். இடுப்பு வலிக்கு என்ன மாத்திரை போடுகிறார் என்பதையும் சொல்லுங்கள். அஸ்பிரின், டைக்ளோபெனக் போன்றவை புரோஸ்டாகிளாண்டின் பாதையை அடைப்பதால், சில ஆஸ்துமாக்காரருக்கு லியூகோட்ரையீன் எகிறி அன்றைக்கே மூச்சு முட்டும். பேசக்கூட மூச்சு போதாவிட்டாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.