பாறைச் சுவரும் பயமும்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் எல் கேபிடன் என்ற கருங்கல் சுவரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதில் ஏறுகிறவர்களுக்குப் பயமே இல்லையா என்றும், இருந்தால் எதற்காக ஏறுகிறார்கள் என்றும் கேட்டிருந்தன. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கயிறே இல்லாமல் எல் கேபிடனில் ஏறிய அலெக்ஸ் ஹானல்டின் மூளையைப் பரிசோதித்தபோது, பயத்துக்கான பகுதி வேலை செய்யவில்லை என்று படித்தேன். அது பிறவியிலேயே அமைந்த ஒரு குறை என்றால், அதை எப்படித் துணிச்சல் என்று பாராட்டுவது? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பரிசோதனை நடந்தது உண்மை. 2016-இல் நரம்பியல் ஆய்வாளர் ஜேன் ஜோசப், தென் கரோலினாவில் உள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தில், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஹானல்டைப் படுக்க வைத்து, மனத்தைக் கலக்கும் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். அமிக்டலா என்பது மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் இருக்கும் பகுதி. ஆபத்தை உணர்ந்ததும் உடலை உசுப்பி விடுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அழைக்கப்பட்டிருந்த மற்றொரு மலையேறியின் அமிக்டலா அந்தப் படங்களுக்கு விழித்துக்கொண்டது. ஹானல்டினுடையது அமைதியாகவே இருந்தது. ஆனால் அந்தப் பகுதி அவருக்கு இல்லாமலோ பழுதுபட்டோ இருக்கவில்லை. படுத்துக்கொண்டு படம் பார்ப்பதும், விரல் நுனியில் உடலைத் தாங்குவதும் ஒன்றல்ல என்பதையும் மறந்துவிடக் கூடாது. தமக்குப் பயம் உண்டு என்று ஹானல்டே பலமுறை சொல்லியிருக்கிறார். பல ஆண்டுப் பழக்கம் அந்த அமைதியைக் கொடுத்ததா, பிறவியிலேயே இருந்ததா என்பதை ஒரே ஒருவரின் மூளைப் படத்தை வைத்து யாராலும் தீர்மானிக்க முடியாது.

நான் அதைவிடப் பெரிதாக மதிப்பது அவருடைய தயாரிப்பைத்தான். 2017 ஜூன் 3 அன்று ஃப்ரீரைடர் என்ற வழியில் 3 மணி 56 நிமிடத்தில் அவர் உச்சியை அடைந்தார். அதற்கு முன், ஓராண்டுக்கும் மேலாகக் கயிறு கட்டிக்கொண்டு அதே வழியில் திரும்பத் திரும்ப ஏறி, கடினமான இடங்களில் எந்தக் கை எதைப் பிடிக்க வேண்டும், எந்தக் கால் எங்கே பதிய வேண்டும் என்பதை மனப்பாடம் செய்திருந்தார். தரையிலிருந்து 500 மீட்டருக்கும் மேலே ஓர் இடத்தில், கட்டைவிரல் மட்டுமே பதியும் சிறு பிடிப்பை அழுத்திக்கொண்டு, கராத்தே உதையைப் போல இடது காலைப் பக்கத்துச் சுவருக்கு வீச வேண்டும். அந்த ஓர் அசைவை அவர் கயிற்றில் தொங்கியபடி எத்தனையோ முறை செய்து பார்த்தார். பயப்படுவதற்கு இருந்த காரணங்களை ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்ட பிறகே கயிற்றை விட்டார் என்பதால், துணிச்சல் என்ற சொல்லை அவரிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பெருஞ்சுவர்களில் ஏறுகிறவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கயிறு கட்டியே ஏறுகிறார்கள், அதுவே சரி.

கேள்வி: கயிறு கட்டி ஏறுகிறவர்களுக்குக் கால் நடுங்குமா? இரவில் எங்கே தூங்குவார்கள்? (ஆசிரியை, மதுரை)

நன்றாகவே நடுங்கும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘தையல் மிஷின் கால்’. நெல்மணி அளவுள்ள ஒரு படிகத்தின் மேல் காலணியின் நுனியை வைத்து நீண்ட நேரம் நிற்கும்போது, கெண்டைக்கால் தசை களைத்து, குதிகால் தையல் மிஷினின் ஊசியைப் போல மேலும் கீழும் துடிக்கத் தொடங்கும். பயத்தால் உடல் விறைத்திருந்தால் துடிப்பு இன்னும் கூடும். குதிகாலைச் சற்றுத் தாழ்த்தி, மூச்சை நீளமாக வெளியே விட்டால் அது அடங்கும்.

தூங்குவதற்கு அலுமினியக் குழாய்ச் சட்டத்தில் நைலான் துணியை இழுத்துக் கட்டிய மடக்குக் கட்டில் ஒன்றைக் கொண்டு போகிறார்கள். அதன் பட்டைகள் எல்லாம் மேலே ஒரே புள்ளியில் சேர்ந்து, பாறையில் பொருத்திய பிடிமானத்தில் தொங்கும். இடுப்புப் பட்டையை இரவிலும் கழற்றுவதில்லை. கயிற்றுடன் பிணைத்துக்கொண்டே படுக்கிறார்கள். காலணி, தண்ணீர்ப் புட்டி, கரண்டி என்று ஒவ்வொரு பொருளையும் கொக்கியில் மாட்டித்தான் வைக்க வேண்டும்; கை தவறியது திரும்பி வராது. பகலில் கைக்கு வேலை இருக்கும்வரை ஒதுங்கி நின்ற பயம், படுத்த பிறகு, மெல்லிய துணிக்குக் கீழே வெறும் காற்று மட்டுமே இருக்கிறது என்ற நினைப்புடன் திரும்பி வருவது இயல்பு.

கேள்வி: உச்சியில் பொன்னும் இல்லை, பொருளும் இல்லை. பின்பக்கமாக நடந்தே ஏறிவிடலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். பிறகு எதற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டும்? (ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், கோயம்புத்தூர்)

நடந்து போக வழி இருந்தும் சுவரில் ஏறுகிறார்கள் என்பதிலேயே பதிலின் பாதி இருக்கிறது. அவர்களை இழுப்பது உச்சியைவிடச் சுவர்தான். 1958-இல் வாரன் ஹார்டிங்கும் அவருடைய தோழர்களும் எல் கேபிடனின் நடுவில் மூக்குத்தண்டு போலப் புடைத்திருக்கும் ‘நோஸ்’ வழியில் முதன்முதலாக ஏறி முடித்தார்கள். பதினேழு மாதங்களில் விட்டுவிட்டு ஏறத்தாழ 45 நாள் அந்தச் சுவரில் உழைத்தார்கள். அகலமான பிளவுகளில் அடிப்பதற்கு ஏற்ற ஆணி அப்போது கடையில் கிடைக்காததால், குப்பையில் போட்ட பழைய அடுப்புகளின் இரும்புக் கால்களைக் கொண்டு வந்து அடித்தார்கள். அந்தப் பிளவுகளுக்கு இன்றும் அடுப்புக்கால் பிளவுகள் என்றுதான் பெயர். கடைசி இரவு முழுவதும் ஹார்டிங் தலைவிளக்கு வெளிச்சத்தில் கையால் துளையிட்டு 28 ஆணிகளை இறக்கி, நவம்பர் 12 விடியலில் மேலே வந்தார். தீராத கணக்கு ஒன்றைத் தூக்கத்திலும் சுமந்து திரிகிறவருக்கு அந்த இரவு புரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டாமி கால்ட்வெல் 2001-இல் மரம் அறுக்கும் இயந்திரத்தில் இடது ஆள்காட்டி விரலின் பெரும்பகுதியை இழந்தவர். அவர் பல ஆண்டுகள் அதே பாறையின் மிகக் கடினமான முகமான ‘டான் வால்’ மீது உழைத்து, 2014 டிசம்பர் 27 அன்று கெவின் ஜார்ஜசனுடன் ஏறத் தொடங்கினார். கயிறு, தவறி விழுந்தால் தாங்குவதற்கு மட்டுமே. முன்னேறுவது கை கால்களால்தான். குளிரில் தோலும் ரப்பரும் பாறையை நன்றாகப் பற்றும் என்பதால் பனிக்காலத்தைத் தேர்ந்தெடுத்து, இரவிலும் ஏறினார்கள். பதினைந்தாவது பகுதியில் ஜார்ஜசன் திரும்பத் திரும்ப விழுந்தார். விரல் நுனித் தோல் கிழிந்து, அது ஆறும்வரை இரண்டு நாள் காத்திருந்து மறுபடி முயன்றார். முன்னே போய்விட்ட கால்ட்வெல் தனியாக உச்சியைத் தொட்டிருக்க முடியும். அவர் நண்பருக்காகக் காத்திருந்தார். பத்தொன்பதாம் நாளான ஜனவரி 14 அன்று இருவரும் சேர்ந்தே மேலே வந்தார்கள். இவர்களைச் சாவை விரும்புகிறவர்கள் என்று சொல்வது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

பணயம் உண்மையானது என்பதை நான் மறுக்கவில்லை. 2018 ஜூன் மாதம், அனுபவம் மிக்க இருவர் எல் கேபிடனின் கீழ்ப்பகுதியில் விழுந்து இறந்தார்கள். ஏறும் உரிமை அவர்களுடையது என்றாலும், துக்கம் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் போய்ச் சேர்கிறது. அந்தக் கணக்கைத் தீர்த்து வைக்க என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: பாதியில் திரும்பி வருவதை அவர்கள் அவமானமாக நினைப்பார்களா? (வாசகர், தஞ்சாவூர்)

நல்லவர்கள் நினைப்பதில்லை. ஹானல்டே 2016 இலையுதிர் காலத்தில் ஒருமுறை கயிறில்லாமல் தொடங்கி, கீழ்ப்பகுதியில் உள்ள வழுக்குப் பாறையில் கால் பிடிப்பு நம்பிக்கை தராததால் திரும்பிவிட்டார்.

திரும்பும் வழியை இழப்பது எப்படி முடியும் என்பதற்குச் சுவிட்சர்லாந்தின் ஐகர் மலை வடக்கு முகத்தில் 1936 ஜூலையில் நடந்தது சாட்சி. நால்வர் குழுவில் ஹின்டர்ஷ்டாய்சர் என்பவர் கயிற்றின் இழுவையில் சாய்ந்து, பிடிப்பே இல்லாத ஒரு வழவழப்பான பாறையைக் குறுக்கே கடந்தார். மற்ற மூவரும் கடந்த பிறகு கயிற்றை உருவி எடுத்துக்கொண்டார்கள். பின்னர் ஒருவர் கல் விழுந்து காயமுற்று, வானிலையும் கெட்டுத் திரும்பியபோது, பனிக்கட்டி படர்ந்திருந்த அந்தப் பாறையை மறுபடி கடக்க முடியவில்லை. நேராகக் கீழே இறங்க முயன்றதில் மூவர் மடிந்தார்கள். டோனி குர்ட்ஸ் மட்டும் இரவு முழுவதும் தொங்கிக் கிடந்து, மறுநாள், ஒன்றோடொன்று முடிந்த இரண்டு கயிறுகளில் இறங்கினார். அந்த முடிச்சு இடுப்பில் இருந்த இரும்பு வளையத்தில் சிக்கிக்கொள்ள, மீட்க வந்தவர்களுக்குச் சில மீட்டர் மேலேயே உயிர் பிரிந்தது. இப்போது அந்தப் பாறையில் நிலையான கயிறு கட்டப்பட்டிருக்கிறது.

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் ஞாயிறுதோறும் ராமநகரா பாறைகளுக்குப் போகிறாள். பெரிய சுவர்களில் ஏற வேண்டும் என்கிறாள். போகாதே என்று சொல்லவா? (ஒரு தாய், ஓசூர்)

அம்மா, போகாதே என்று சொன்னால் அவள் உங்களிடம் சொல்லாமல் போவாள் என்பதுதான் என் அச்சம். அவளிடம் லின் ஹில் என்ற பெண்ணைப் பற்றிக் கேளுங்கள், நிச்சயம் தெரிந்திருக்கும். 1989-இல் பிரான்சில், தமக்கு மிகவும் எளிதான ஒரு பாறையில் ஏறுவதற்கு முன், இடுப்பில் கயிற்றைக் கோத்தவர், கவனம் சிதறி முடிச்சை முடிக்காமல் விட்டுவிட்டார். மேலே போட்ட சட்டை அதை மறைத்துவிட்டது. உச்சியில் கயிற்றை நம்பிச் சாய்ந்ததும் ஏறத்தாழ 22 மீட்டர் விழுந்தார். ஒரு மரத்தின் கிளைகள்தான் உயிரைக் காத்தன. பயமுறுத்தாத இடத்தில்தான் அது நடந்தது.

ஆகவே எவ்வளவு உயரம் ஏறினாய் என்று கேட்காமல், உன் முடிச்சை நீ ஏறும் முன் யார் தொட்டுப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசியாக எப்போது, எதனால் திரும்பி வந்தாய் என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொன்னால் அவளுக்கு நல்ல துணையும் நல்ல பயிற்சியும் கிடைத்திருக்கின்றன என்று கொள்ளலாம். பதில் வராவிட்டால் அடுத்த ஞாயிறு நீங்களும் உடன் போய், அவள் கயிறு கட்டுவதை அருகில் நின்று பாருங்கள். லின் ஹில் உடல் தேறி மறுபடி பாறைக்குப் போனார். 1993-இல், அதுவரை யாராலும் முடியாதபடி, நோஸ் வழி முழுவதையும் கை கால்களின் பலத்தாலேயே ஏறினார். அடுத்த ஆண்டு அதையே ஒரே நாளுக்குள் ஏறி முடித்தார்.