ரிமோட் உடைந்துபோனால் டிவி வால்யூமை எப்படி மாற்றுவது?

கேள்வி: எங்கள் ஸ்மார்ட் டிவியின் ரிமோட் உடைந்துவிட்டது. டிவியின் அடியில் ஒரே ஒரு பட்டன்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் டிவி அணைந்துவிடுகிறது. மொபைலில் ரிமோட் ஆப் போட்டால் அது டிவியைக் கண்டுபிடிப்பதில்லை. வால்யூமைக் குறைக்க வேறு வழி உண்டா?

பதில்: அந்த ஒற்றைப் பட்டனுக்குள்ளேயே வால்யூமும் இருக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு நேரம் அழுத்துகிறீர்கள் என்பதுதான் விஷயம். டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது லேசாக ஒருமுறை தட்டிவிட்டு விரலை எடுங்கள். திரையின் ஓரத்தில் ஒரு சிறு மெனு வரும். ஒவ்வொரு தட்டலுக்கும் அடுத்த சின்னத்துக்கு நகரும். வால்யூம் சின்னம் வந்ததும் ஓரிரு நொடி அழுத்திப் பிடித்தால் சத்தம் மாறும். மெனு வருவதற்கு முன்பே அழுத்திப் பிடித்தால் பல மாடல்கள் அதை ‘ஆஃப்’ என்றே எடுத்துக்கொள்ளும். மெனு சில நொடிகளில் மறைந்துவிடும் என்பதால் தட்டல்களுக்கு நடுவே யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

சில எல்ஜி மாடல்களில் லோகோவுக்கு அடியில் இருப்பது பட்டனே அல்ல, குட்டி ஜாய்ஸ்டிக். அதை இடம் வலமாகத் தள்ளினால் வால்யூம் மாறும், நடுவில் அழுத்தினால் மெனு வரும். வேறு பல டிவிகளில் பட்டன்கள் பின்பக்கம், கீழ் மூலையில் ஒளிந்திருக்கும். சுவரில் மாட்டிய டிவியைக் கழற்றாமல், மொபைலில் வீடியோவை ஓடவிட்டுப் பின்னால் நீட்டிப் பாருங்கள், இடம் தெரிந்துவிடும். பவர் மட்டுமே கொண்ட மாடல்களும் உண்டு. பட்டன்கள் இருந்தும் எதுவும் நடக்கவில்லை என்றால், செட்டிங்ஸில் சைல்டு லாக் அல்லது ஹோட்டல் மோட் (ஹோட்டல் அறை டிவிகளுக்கான அமைப்பு) போட்டிருக்கலாம். ஹோட்டல் மோடில் வால்யூமுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதியும் உண்டு. குறிப்பிட்ட எண்ணைத் தாண்டி ஏறாத டிவி பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

அடுத்து ஆப். ஆண்ட்ராய்டு டிவிக்கும் கூகுள் டிவிக்கும் கூகுள் டிவி ஆப், சாம்சங்குக்கு ஸ்மார்ட்திங்ஸ், எல்ஜிக்கு திங்க்யூ. இவை டிவியைக் கண்டுபிடிக்காமல் போகப் பெரும்பாலும் நெட்வொர்க்தான் காரணம். மொபைலும் டிவியும் ஒரே ரௌட்டரில் இருக்க வேண்டும். மொபைல் ‘கெஸ்ட்’ வைஃபையில் இருந்தாலோ, விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலோ ஒன்றை ஒன்று பார்க்காது. ஐபோனில் ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதியை மறுத்திருந்தாலும் இதே கதைதான். டிவி கேபிளிலும் மொபைல் வைஃபையிலும் இருப்பது பரவாயில்லை, ரௌட்டர் ஒன்றாக இருந்தால் போதும்.

சிக்கலான நிலை ஒன்று உண்டு. ரௌட்டரையோ பாஸ்வேர்டையோ மாற்றிவிட்டீர்கள், டிவி இன்னும் பழையதைத் தேடிக்கொண்டிருக்கிறது, புதியதைக் கொடுக்க ரிமோட் இல்லை. டிவிக்கு ஏமாற்று வைஃபை ஒன்றைக் காட்டுங்கள். ஒரு மொபைலில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, அதற்குப் பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஓர் எழுத்துகூட மாறாமல் (ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து உட்பட) வையுங்கள். அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸாக இருக்கட்டும், பல டிவிகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் எட்டாது. டிவியை அணைத்துப் போட்டால் தானாகவே ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது மொபைலை அதே ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அதில் ஆப்பைத் திறங்கள்.

ஆண்ட்ராய்டு டிவி திரையில் ஒரு குறியீட்டைக் காட்டும், அதை ஆப்பில் அடித்தால் போதும். சில டிவிகள் திரையில் ‘அனுமதி’ கேட்டு நிற்கும், அதை அழுத்த ரிமோட் இல்லையே! அங்கே யூஎஸ்பி மவுஸ் கைகொடுக்கும். கணினிக்கு வைத்திருக்கும் சாதாரண மவுஸைச் செருகினால் ஆண்ட்ராய்டு டிவியிலும் எல்ஜியின் வெப்ஓஎஸ்ஸிலும் திரையில் அம்பு தோன்றும். வைஃபை செட்டிங்ஸ் வரைக்கும் அதைக் கொண்டே போகலாம். வால்யூம் பட்டன்கள் கொண்ட கீபோர்டு இருந்தால் ஆண்ட்ராய்டு டிவிகள் பலவற்றில் சத்தமும் நேரடியாக மாறும்.

செட் டாப் பாக்ஸோ ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோ வழியாகப் பார்ப்பவர்களுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். எச்டிஎம்ஐ-சிஇசி (எச்டிஎம்ஐ கேபிள் வழியே ஒரு கருவியின் ரிமோட் இன்னொன்றையும் இயக்கும் வசதி) இயக்கத்தில் இருந்தால் ஸ்டிக்கின் ரிமோட்டே டிவி வால்யூமை மாற்றும். இதைச் சாம்சங் ‘எனிநெட் பிளஸ்’ என்றும், எல்ஜி ‘சிம்ப்ளிங்க்’ என்றும், சோனி ‘பிராவியா சிங்க்’ என்றும் மெனுவில் எழுதியிருக்கும். இல்லாவிட்டால் பாக்ஸ் வால்யூமை முழுதாக வைத்து, டிவி வால்யூமை நீங்கள் விரும்பும் அதிகபட்ச அளவில் ஒருமுறை பட்டனால் வைத்துவிட்டு, அதன்பின் பாக்ஸ் ரிமோட்டில் கூட்டிக் குறையுங்கள். தலைகீழாகச் செய்தால், அதாவது பாக்ஸில் குறைவாகவும் டிவியில் அதிகமாகவும் வைத்தால், இரைச்சல்தான் பெருகும். பாக்ஸில் எண் மாறியும் சத்தம் மாறவில்லையா? ஒலி டால்பி என்ற வடிவத்தில் அப்படியே டிவிக்குப் போகிறது என்று அர்த்தம். பாக்ஸின் ஆடியோ செட்டிங்ஸில் ‘பிசிஎம்’ அல்லது ‘ஸ்டீரியோ’ ஆக்குங்கள். சவுண்ட்பாரை ஆப்டிகல் கேபிளில் இணைத்திருந்தால் பெரும்பாலான டிவிகளில் வால்யூம் பட்டனுக்கு வேலையே இல்லை, சவுண்ட்பாரில்தான் மாற்ற வேண்டும்.

ஸ்மார்ட் அல்லாத டிவிக்கு மேலே சொன்ன வைஃபை ஆப்கள் பயன்படாது. ஷியோமி, ரெட்மி போன்களில் பலவற்றின் உச்சியில் அகச்சிவப்பு எல்இடி இருக்கிறது. அந்த போனை நேராக டிவியை நோக்கிப் பிடித்து, ரிமோட் ஆப்பில் டிவி கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

புது ரிமோட் வாங்கும் முன் பழையதைச் சோதித்துவிடுங்கள். அது அகச்சிவப்பு ரிமோட்டாக இருந்தால், மொபைலின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டிப் பட்டனை அழுத்தும்போது எல்இடி மினுக்க வேண்டும் (பின்பக்கக் கேமராக்களில் பெரும்பாலும் வடிகட்டி இருப்பதால் தெரியாது). எல்லாப் பட்டனுக்கும் மினுக்கி, வால்யூமுக்கு மட்டும் மினுக்கவில்லை என்றால், ரப்பர் பட்டனின் அடியில் உள்ள கறுப்புக் கார்பன் புள்ளி தேய்ந்தோ அழுக்கேறியோ இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் புள்ளியையும் சர்க்யூட் பலகையையும் மெதுவாகத் துடைத்துக் காயவிட்டு மூடுங்கள்.

அதற்கும் சரிவராவிட்டால், டிவியின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைச் சொல்லி மாற்று ரிமோட் வாங்குங்கள். மலிவான அகச்சிவப்பு ரிமோட்டிலேயே வால்யூம் வேலை செய்துவிடும். குரல் கட்டளையும் வேண்டுமென்றால்தான் புளூடூத்தில் இணையும் ரிமோட் தேவை.