அடிபட்ட கரடியைத் தேடிப் போகும்போது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சாயங்காலம் மரப் பரணில் இருந்து ஒரு கருங்கரடி மேல் அம்பு விட்டேன். விலாவில் பட்டதைக் கண்ணால் பார்த்தேன். இறங்கிப் போய்ப் பார்த்தால் இருபதடிக்கு அப்பால் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. லேசான காயம்தானா, விட்டுவிடலாமா? மானாக இருந்தால் இதற்குள் கண்டுபிடித்திருப்பேன்.

பதில்: விடவே விடாதீர்கள். மான் கணக்கு கரடிக்குச் செல்லாது. இலையுதிர் காலத்துக் கருங்கரடிக்குத் தோலுக்கடியில் கொழுப்பு தடிமனாகப் படிந்திருக்கும், அதற்கு மேல் நீண்ட, அடர்ந்த முடி. பரணில் இருந்து விடுகிற அம்பு உடலின் மேல்பக்கமாக நுழையும். மறுபக்கம் கீழே துளைத்து வெளியேறாவிட்டால், நுழைந்த துளையைக் கொழுப்பே அடைத்துக்கொள்ளும், ரத்தம் முழுக்க நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே நிறையும், கொஞ்சநஞ்சம் கசிவதையும் முடி பஞ்சு மாதிரி உறிஞ்சிவிடும். இரண்டு நுரையீரலிலும் சரியாக அடிபட்ட கரடிகூடத் தரையில் ரத்தமே காட்டாமல் ஓடிப் போய், நூறு மீட்டருக்குள் ஒரு புதரில் விழுந்து கிடக்கும். தரை சுத்தமாக இருக்கிறது என்று திரும்பி வருகிறவர்கள் விட்டுவிட்டு வருவது பெரும்பாலும் இப்படி விழுந்து கிடக்கும் கரடியைத்தான். எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம் இது.

அடுத்த தடவை பரணை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே பாதி வேலையை முடித்துவிடுங்கள். அம்பு பட்டபோது கரடி நின்ற இடம், கடைசியாகக் கண்ணில் பட்ட மரம், இந்த இரண்டையும் திசைகாட்டியில் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கீழே இறங்கியதும் காடு வேறு மாதிரித் தெரியும். அப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள். சில கரடிகள் உயிர் போகும்போது நீளமாக ஒரு முனகல் விடும், கேட்டவர்களுக்கு மறக்காது. அது கேட்டால் எந்தப் பக்கம் போவது என்பது தெரிந்துவிடும். கேட்கவில்லை என்பதற்காக உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை, எல்லாக் கரடியும் முனகாது.

இப்போது உங்கள் கரடிக்கு வருவோம். அம்பு கிடைத்ததா? கிடைத்தால் துடைக்காமல் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரைத்த ரத்தம் என்றால் நுரையீரல். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரலாக இருக்கலாம், வெறும் சதைக் காயமாகவும் இருக்கலாம். பச்சையோ பழுப்போ ஒட்டி நாற்றமடித்தால் குடல். வெறும் கொழுப்பு மட்டும் பூசியிருந்தால் அவசரப்பட்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

தேடும்போது தரையை மட்டும் பார்க்காதீர்கள். கரடி அகலமான உடம்போடு செடிகளை உரசிக்கொண்டு போகும், அதனால் ரத்தம் சொட்டாக விழாமல் தீற்றலாக ஒட்டியிருக்கும்: முழங்கால் உயரத்தில் இலைகளின் பக்கவாட்டில், பெரணிகளின் அடிப்புறத்தில், குறுகலான வழி என்றால் மரப்பட்டையில். மண்டியிட்டு, இலையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். காய்ந்த கறை ரத்தமா, இலையின் இயல்பான புள்ளியா என்று சந்தேகம் வந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தெளியுங்கள், ரத்தம் என்றால் நுரைக்கும். தடத்தின் மேல் நடக்காமல் ஓரமாகவே நடங்கள். கடைசியாகக் கண்ட கறை ஒவ்வொன்றிலும் ஒரு ரிப்பன் கட்டுங்கள், தடம் அறுந்தால் திரும்பிப் பார்த்துப் போக்கைப் புரிந்துகொள்ளலாம். மெத்தென்ற பாதம் என்பதால் சுவடு தெளிவாகப் பதியாது; புரண்ட பாசி, மிதிபட்ட சருகு, ஒரே பக்கமாகச் சாய்ந்த புல், இவைதான் உங்கள் எழுத்து. எதுவுமே இல்லையென்றால் அருகில் உள்ள அடர்ந்த புதர், சதுப்பு, தண்ணீர்ப் பக்கம் முதலில் பாருங்கள், அடிபட்ட கரடி அடர்த்தியைத் தேடித்தான் போகும்.

கேள்வி: எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? காத்திருந்தால் கறி கெட்டுவிடுமே?

பதில்: நுரையீரல் அடி என்பது உறுதி என்றால் அரை மணி நேரம் போதும். ஈரல் என்றால் நான்கைந்து மணி நேரம். குடல் அடி என்றால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். நீங்கள் சொல்வது நியாயமான பயம்தான், கொழுப்பும் தோலும் உடல் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பதால் இதமான இரவில் கரடிக் கறி சீக்கிரம் கெடும், எலும்பை ஒட்டிய பகுதிதான் முதலில் போகும். மழை வந்தால் இருக்கிற கொஞ்ச ரத்தமும் கரைந்துவிடும். ஆனாலும் குடல் அடி என்று தெரிந்தால் நான் காலைவரை காத்திருக்கத்தான் சொல்வேன். படுத்துவிட்ட கரடியைத் துரத்தி எழுப்பினால் அது எங்கேயோ தொலைவுக்குப் போய், நாட்கணக்கில் வலியோடு கிடந்து சாகும். கறியும் போச்சு, கரடியும் போச்சு. இருட்டில் அடர்ந்த புதருக்குள் காயம்பட்ட கரடியைத் தேடிப் போவது உங்கள் உயிருக்கும் ஆபத்து.

கறி கிடைத்த பிறகு ஒன்று: உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸ் வரும்வரை வேகவையுங்கள். கரடிக் கறியில் டிரிக்கினெல்லா புழு இருக்கலாம், குளிர்ப் பகுதிகளில் உள்ள வகை உறைய வைத்தாலும் சாகாது.

கேள்வி: மோப்ப நாயைக் கூப்பிடுவது நம் திறமைக்குக் குறைவா?

பதில்: இல்லவே இல்லை. ஸ்வீடனில் கரடி வேட்டைக்குப் போகிறவர்கள், சுட்ட இரண்டு மணி நேரத்துக்குள் தடம் தேடப் பழக்கிய நாய் அந்த இடத்துக்கு வந்து சேரும்படி ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். பவேரிய மலை நாய், ஹனோவேரியன் வேட்டை நாய் போன்ற இனங்களை இதற்கென்றே வளர்த்தார்கள். நமக்குத் தெரியாத தடத்தை அவை காயத்தின் வாசனையைப் பிடித்தே கண்டுபிடிக்கும். நாயை வரவழைப்பதாக இருந்தால் அதற்கு முன் நாலு பேர் சேர்ந்து இடத்தை மிதித்துக் கலைக்காதீர்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, பல இடங்களில் நாய் கயிற்றில்தான் இருக்க வேண்டும். வேட்டை தொடங்கும் முன்பே விதியைப் படித்து, நாய் வைத்திருப்பவரின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தடம் பக்கத்து நிலத்துக்குள் போனால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். தென்கிழக்கு அலாஸ்காவில் காயப்படுத்திய கரடியும் நீங்கள் வேட்டையாட அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். என்னைக் கேட்டால் எல்லா இடத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: கிடக்கிற கரடி செத்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தனியாகப் போகாதீர்கள். ஒருவர் தடத்தைப் பார்க்க, இன்னொருவர் துப்பாக்கியோடு முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு வரட்டும். முதுகுப் பக்கமாக, மேட்டில் இருந்து நெருங்குங்கள். சற்றுத் தள்ளி நின்று மூச்சு ஓடுகிறதா என்று சில நிமிடம் கவனியுங்கள். செத்த கரடியின் கண் பெரும்பாலும் திறந்தே இருக்கும். மூடியிருந்தால் உயிர் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு இன்னொரு முறை சுடுங்கள். கடைசியாக ஒரு நீளக் குச்சியால் விழியைத் தொட்டுப் பாருங்கள். இமை அசையவில்லை என்றால் மட்டும் கையை வையுங்கள்.